கழுவினால் போகாத சிவப்பு

கன்னத்தைச் சிவப்பாக்குவதற்கென்று காசு கொடுத்து ஒரு டப்பா வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதினொரு வருஷமாக என் சோறு அதில்தான் ஓடுகிறது. வடசென்னையில், கல்மண்டபத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், அழகு சாமான் கவுண்டரில் நிற்கிறேன். வளையல், ஹேர் கிளிப், பொட்டு எல்லாம் கீழே. மாடியில் ஏசி போட்ட அறையில் நானும் ஒரு பெரிய கண்ணாடியும் சுவர் முழுக்க டப்பாக்களும்.

ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "ஸ்கின் கலர்ல குடுங்க." யாருடைய ஸ்கின்? அந்த டப்பாவில் ‘நேச்சுரல்’ என்று அச்சடித்திருக்கும் நிறத்தில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நடந்தே போய்த் தேடினாலும் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். கம்பெனியிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருவாள். இந்தியத் தோலுக்கென்றே செய்தது, இந்தியத் தோலுக்கென்றே செய்தது என்று நூறு தடவை சொல்வாள். அவள் கையில் போட்டுக் காட்டும்போது ரோஜா நிறமாகத் தெரிவது, என் கையில் போட்டால் சுண்ணாம்பு பட்ட மாதிரி வெளுத்து நிற்கும். "கொஞ்சம் நல்லா ப்ளெண்ட் பண்ணுங்க" என்பாள். எதோடு ப்ளெண்ட் பண்ணுவது, சுவரோடா?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சாம்பிளைத் தங்கள் கன்னத்தில் போட்டுப் பார்க்க மாட்டார்கள். யார் யாரோ கை வைத்தது, பரு வந்துவிடும் என்று பயம். "நீ போட்டுக் காட்டும்மா" என்பார்கள். பரு எனக்கு வரலாம், பாதகமில்லை. ஆக என் வலது கன்னத்தில் ஒருத்தி கேட்ட பீச் நிறம், இடது கன்னத்தில் இன்னொருத்தி கேட்ட ப்ளம் நிறம். சாயங்காலம் கடை விட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக வெளியே பார்ப்பார்கள். போட்டுக் காட்டியதை வாங்குவார்களா என்றால் அதுவும் இல்லை. என் முகத்தில் எடுப்பாக இல்லாத ஒன்று தங்கள் முகத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு ஒரு கண்மை பென்சிலோடு இறங்கிப் போவார்கள். கண்ணாடியில் என் முகத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் முகமும் தெரிந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நிறம்தான். அதைச் சொன்னால் வியாபாரம் போய்விடும்.

கறுப்பை மறைக்க அலைகிறவர்களை இப்படி மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே விற்றவள் நான். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

என் தங்கை என்னைவிட ஒன்பது வயது சின்னவள். திருவொற்றியூரில் அம்மாவோடு இருக்கிறாள். நான் கல்யாணமாகி அடுத்த தெருவில். அவளுக்கும் எனக்கும் அச்சு அசல் ஒரே நிறம், செத்துப்போன அப்பாவின் நிறம். ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கம்ப்யூட்டரில் வண்டி நம்பர் ஏற்றுகிற வேலை. அவளை இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டில் ஜாதகம் சரியில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்த நாகரிகம்கூட இல்லை, கலர் கம்மி என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் என்ன நிறம் என்று கேட்காதீர்கள். அடுப்புக்கரியை அவர்கள் பக்கத்தில் வைத்தால் கரி கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும்.

அதற்கப்புறம்தான் அந்த யார்டிலேயே கிரேன் ஓட்டுகிற பையனோடு அவளுக்குப் பழக்கமானது. காலடிப்பேட்டைக்காரன். நல்ல பையன், குடி கிடையாது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அப்பா இல்லாமல் தன்னை வளர்த்தவள் அம்மா, அவள் வேண்டாமென்றால் தன்னால் மீற முடியாது. இதைக் கேட்டதும் அவனை என்னென்னவோ திட்டினேன். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிரேன் ஏறுகிறவன் என்றேன். தங்கை சிரிக்கவில்லை. "அவரு இல்லன்னா எனக்கு யாரும் வேணாம்க்கா. அத்தோட என்ன வுட்ருங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படிப்பட்ட பேச்சு வந்து நான் கேட்டதில்லை. அவன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

என் கவுண்டருக்கு எல்லா ஊர் வம்பும் ஏறி வரும். காலடிப்பேட்டைக்காரி ஒருத்தி லிப்ஸ்டிக் பார்க்க வந்தவள், பேச்சுவாக்கில் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பெண் பார்க்கப் போகிற வீட்டில், காபியைத் தொடுவதற்கு முன்னால், "போயி மூஞ்சி கழுவிகினு வாம்மா" என்பாளாம். கழுவின முகத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். மூத்த மருமகளையும் அப்படித்தான் எழுப்பி அனுப்பினாளாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் புத்தி. இவள் மகன் கிரேன்தானே ஓட்டுகிறான், கப்பலையே வாங்கிவிட்டானா?

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா என் முகத்தில் பவுடரை அள்ளி அப்பியிருந்தாள். கல்யாணமான மறுநாள் குளித்துவிட்டு வந்து நின்றேன். என் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பவுடர பூசி ஏமாத்தி கட்டி வச்சிட்டாங்க" என்றாள். அன்றோடு விட்டாளா? காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, எந்த விசேஷத்தில் நாலு பேர் கூடினாலும் அந்த வாக்கியம் வரும். என் வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கிறார். இதிலிருந்து வேறு யாராக இருந்தாலும் வேறு பாடம் கற்றிருப்பார்கள். நான் கற்றது ஒன்றுதான்: பூசினது போகிற மாதிரி இருந்ததுதான் தப்பு. என் தங்கைக்குப் போகாததாகப் பூச வேண்டும்.

அவளிடம் சொன்னேன். "வேணாம்க்கா" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். உனக்கொன்றும் தெரியாது, வாயை மூடு என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவளுக்கு முகத்தில் எதுவும் வந்துவிடக் கூடாது என்று என் கன்னத்திலேயே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒரே நிறம் என்பதில் அந்த ஒரு வசதி. முதலில் பவுடர் ப்ளஷ், கன்னத்தில் பூசுகிற சிவப்புப் பவுடர். கம்பெனி அம்மா அதைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்றிருந்தாள். ஏசி அறையில் நிற்குமோ என்னவோ. கடையை விட்டு இறங்கி, கல்மண்டபம் ரோட்டைத் தாண்டுவதற்குள் கடல் காற்றிலும் வேர்வையிலும் ஊறித் தாடை வரைக்கும் வழிந்துவிட்டது. கர்ச்சீப்பால் ஒற்றினேன், பன்னிரண்டு மணி நேரமும் கர்ச்சீப்பில் வந்துவிட்டது.

அடுத்து க்ரீம் ப்ளஷ். தொட்டால் பிசுபிசுக்கும். அதுதான் இப்போது நாகரிகமாம், முகம் எப்போதும் ஈரமாக இருக்கிற மாதிரி மினுங்க வேண்டுமாம். எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஈரமாகத்தான் மினுங்குவோம், அதற்கு எதற்குத் தனியாக ஒரு டப்பா? அதையும் பூசிக்கொண்டு, முகத்துவாரக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். எண்ணூர் ரோட்டில் முன்னால் பின்னால் எல்லாம் கன்டெய்னர் லாரி. அந்தப் புகையும் தூசியும் சாம்பலும் எங்கேயடா ஒட்டலாம் என்று தேடிக்கொண்டு வந்தவை, என் இரண்டு கன்னத்தையும் கண்டுகொண்டன. இறங்கி உள்ளே போனதும் சொந்தக்காரி ஒருத்தி கன்னத்தில் கரி என்று சொல்லித் தன் முந்தானையாலேயே துடைக்க வந்தாள். சாதா டால்கம் பவுடரைத் தவிர எதையும் இந்த ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த டப்பாவைச் செய்தவன் எண்ணூர் பக்கம் வந்திருக்கவே மாட்டான்.

கடைசியாக ஒரு கன்னச் சாயம். சின்ன பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருக்கும், பீட்ரூட் நிறம். இரண்டு சொட்டு வைத்து உடனே தேய்த்துவிட வேண்டும். நேரம் போனால் வைத்த இடத்தில் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். தோலுக்குள்ளேயே இறங்கி நிற்கிற சிவப்பு என்று கம்பெனி அம்மா சொன்னதில் இந்த ஒன்று மட்டும் உண்மை. அம்மா வீட்டுக் குளியலறையில் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. மறுபடி கழுவினேன். மூன்றாம் தடவை அம்மாவே பின்னால் நின்று பார்த்தாள். கன்னம் அப்படியே இருந்தது, சுயமாகச் சிவந்த மாதிரி. மூன்று நாள் தொடர்ந்து பூசிக் கழுவிப் பார்த்துவிட்டேன். கழுவு, நல்லா கழுவு, உன் பல்லைப் பிடிக்கிற புத்திக்கு இதுதான் மருந்து என்று முகம் தெரியாத அந்தக் காலடிப்பேட்டை அம்மாவிடம், கூடத்துக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையின் முகத்தில் நானே பூசினேன். மூக்கின் மேல், நெற்றியில் மெல்லிசாக ஃபவுண்டேஷன். அது கழுவினால் போகும், போகட்டும். கன்னத்தில் சாயம். அவள் கண்ணாடியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் அம்மா குளியலறையைத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் முகம் கழுவ, துணி துவைக்க, எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். உப்புக் கரிக்கும், பக்கெட்டில் பிடித்து வைத்தால் மஞ்சளாகிவிடும், சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. லாரி தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதில் முகம் கழுவினால் அம்மா கையை ஒடித்துவிடுவாள். ஆனால் விருந்தாளி வருகிற அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் குளியலறையில் மஞ்சள் தண்ணீர் வைக்க மாட்டார்கள். கேவலம். அம்மா குளியலறை ட்ரம்மைக் காலி பண்ணச் சொன்னாள். சமையல்கட்டிலிருந்து லாரி தண்ணீரை நாலு குடம் கொண்டுபோய் ஊற்றியது நான்தான். புது சோப்பைப் பிரித்து வைத்து, புது வெள்ளைத் துண்டை மாட்டியதும் நான்தான்.

அவர்கள் நாலு பேர் வந்தார்கள். அந்தப் பையன், அவன் அம்மா, அண்ணன், அண்ணி. அந்த அம்மா எங்களைவிடக் கறுப்பு, ஒல்லி, பெரிய பொட்டு. முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. இவளா எங்களைக் கழுவச் சொல்கிறவள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை காபி டம்ளர்களோடு வந்தாள். அந்த அம்மா தட்டைத் தொடாமல், சொல்லி வைத்த மாதிரி, போயி மூஞ்சி கழுவிகினு வாம்மா என்றாள். தங்கை தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையனைப் பார்த்தேன். அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை திரும்பி வந்தாள். அவள் கையிலிருந்த துண்டைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளைத் துண்டில் சிவப்பு. அப்புறம் முகம். ஒரு கன்னத்தில் முழுசாகப் போயிருந்தது. இன்னொன்றில் திட்டுத் திட்டாக, யாரோ அறைந்த மாதிரி. நல்ல தண்ணீரில் சோப்பு நுரைத்துத் தள்ளியிருக்கிறது. பதினொரு வருஷமாக இந்தச் சாமான்களை விற்கிறவள், திருவொற்றியூர் உப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்துவிட்டு, எல்லாத் தண்ணீருக்கும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். குளியலறையில் கண்ணாடி கிடையாது, அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த அம்மா எழுந்து வந்து துண்டை வாங்கிப் பார்த்தாள். மடித்து நாற்காலியில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"கறுப்புன்னு தெரிஞ்சி தான் வந்தேன். என் புள்ள போட்டோ காட்டிகீறான். எனுக்கு ஒண்ணும் கண்ணு அவிஞ்சி பூடல."

எங்கள் அம்மா ஏதோ சமாதானம் சொல்லப் போனாள். அந்த அம்மா கேட்கவில்லை. ஒருத்தர்கூடக் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். கேசரி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது பையன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். தங்கை கழுவின முகத்தோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். யார்டில் அவன் எதிரே வந்தால் இருவருமே தலையைக் குனிந்துகொண்டு போகிறார்களாம். நான் அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஒரு வாரம் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அதில் ருசி போய்விட்டது. தெரிஞ்சி தான் வந்தேன் என்று சொன்னாளே, அது காதைவிட்டுப் போகவில்லை.

ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலடிப்பேட்டைக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பூசினது நான், தங்கை வேண்டாமென்றுதான் சொன்னாள் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். எதற்குப் பூசினாய் என்று கேட்டாள். என் மாமியார் கதையை வாயெடுத்துச் சொல்லத் தொடங்கினேன். பவுடர் பூசி ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறாள் என்றதும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்துக்கு தான்ம்மா கழுவ சொல்றேன். மூத்தவளுக்கு மொகமெல்லாம் அம்மை போட்ட தழும்பு. எல்லார் முன்னாடியும் கழுவிகினு வந்து நின்னா. பாத்து தான் கட்டிகினு வந்தோம். இன்னி வரிக்கும் எங்க ஜனத்துல ஒருத்தி, பூசி ஏமாத்திட்டானுங்கன்னு அவள பாத்து வாய தொறந்ததில்ல. உன் தங்கச்சியயும் யாரும் சொல்லக்கூடாதுன்னு தான் கழுவ சொன்னேன்."

 என்னை யாராவது அன்றைக்குக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருந்தால் பதிமூன்று வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்க மாட்டேன். உள்ளே அந்த மூத்த மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் கவனிக்காத தழும்பு, இங்கிருந்தே தெரிந்தது. அவள் யாருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எங்கள் கடைக்கு வந்திருந்தால், அந்தத் தழும்பின் மேல் எதை எதை அப்பலாம் என்று நான் வரிசையாக எடுத்து வைத்திருப்பேன்.

மன்னித்துவிடுங்கள் அத்தை என்றேன். அந்த அம்மா மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள். கட்டு முழுக்க ஆய்ந்து முடித்தாள். கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். அழுகையைக் கண்டுகொள்ளாமல் அவள் ஒரே ஒரு விஷயம்தான் சேர்த்துச் சொன்னாள்.

"கல்யாணத்து அன்னிக்கு அந்த பொண்ணு மொகத்துல உன் கை படக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்கச் சந்தோஷமும் அவமானமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அம்மாவிடம் சொன்னதும் அவள் சாமி படத்துக்கு ஓடினாள். தங்கை அப்போதுதான் வேலை விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நிபந்தனையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தக் கிழவிக்கு இருக்கிற திமிரைப் பார் என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள், அத்தோடு எங்களுக்குள் இருந்த கோபமும் போய்விடும் என்று நினைத்தேன்.

அவள் குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"அவங்க சொல்லாங்காட்டி நானே சொல்லியிருப்பேன்க்கா. வந்தவங்க ஒரு தபா பாத்து, கலர் கம்மின்னு சொல்லிட்டு பூட்டாங்க. நீ தெனிக்கும் என்ன அப்டியே பாத்துகினு இருந்தே."